நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தலிலும் வகுத்தலிலும் உத்தேச விடை சொல்ல எப்படிப் பழக்குவது?

உத்தேச விடை கேட்டால், உங்கள் மகள் முதலில் சரியான விடையைப் போட்டுவிட்டு அதைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றி எழுதுகிறாள் என்கிறீர்கள். கிருஷ்ணகிரி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். என் வகுப்பிலும் பலர் அப்படித்தான் செய்தார்கள். பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு வாயால் சொல்லச் சொன்ன பிறகுதான் மாறினார்கள்.

கேட்கும் சொல்லையும் மாற்றினேன். இங்கே பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். 'உத்தேச மதிப்பு' என்றால் பிள்ளைகள் விழிப்பார்கள். 'சுமாரா எவ்வளவு?' என்றால் உடனே பதில் வரும். 'சுமாரு' அந்த இரண்டு மொழிகளிலும் புழங்கும் சொல்தான்.

ஒருமுறை 816 மாங்காயை 8 மூட்டையில் சமமாகப் போடச் சொன்னேன். ஒரு பையன் 12 என்று எழுதினான். 8-ல் 8 ஒரு தடவை. அடுத்து 1-ஐ இறக்கினால் போகாது. 6-ஐயும் இறக்கி 16, இரண்டு தடவை. நடுவில் 0 போட மறந்துவிட்டான். நான் தப்பு என்று சொல்லவில்லை. "ஒரு மூட்டையில 12 காய்தானாப்பா?" என்று மட்டும் கேட்டேன். அவன் வீட்டில் மாந்தோப்பு உண்டு. "அய்யோ, நூறாவது இருக்கும் சார்" என்றவன் தானே நோட்டைப் பிடுங்கித் திருத்தினான். அந்த 'நூறாவது இருக்கும்' கணக்குப் போடும் முன்பே வாயில் வர வேண்டும். நான் பாடுபடுவது அதற்குத்தான்.

வகுத்தலில் பெரிய சிக்கல், 'பக்கத்து நூறுக்கு மாற்று' என்ற விதியை அப்படியே பிடித்துக்கொள்வது. 437 ÷ 6 கணக்கில் 437-ஐ 400 ஆக்கினால் என்ன லாபம்? 400-ம் 6-ஆல் சரியாகப் போகாது. ஆறாம் வாய்ப்பாட்டில் 43-க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். 42 இருக்கிறது; 420 ÷ 6 = 70. உண்மையில் ஈவு 72, மீதி 5. வாய்ப்பாடு இன்னும் வராத பிள்ளையிடம், '6 பேருக்கு ஆளுக்குப் பத்து கொடுத்தால் 60, ஆளுக்கு நூறு கொடுத்தால் 600. 437 இரண்டுக்கும் நடுவில்' என்று காட்டுங்கள். ஈவு இரண்டு இலக்கம் என்று தெரிந்தாலே முதல் நாளைக்குப் போதும்.

கழித்தலைக் காசாக்கிக் கேளுங்கள். கையில் 812 ரூபாய், செலவு 389. 800-லிருந்து 400 போனால் மிச்சம் 400. இதோடு விடாமல், 'உண்மையான மிச்சம் இதைவிடக் கூடவா, குறைவா?' என்று கேட்க வேண்டும். கையில் இருப்பதைக் குறைத்தோம், செலவைக் கூட்டினோம். அப்படியானால் 400-ஐவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்: 423. கடன் வாங்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 577 என்று எழுதும் பிள்ளை இங்கேயே விழித்துக்கொள்ளும்.

ஒரு பொறி உண்டு. 452-லிருந்து 448-ஐக் கழிக்க, நூறுக்கு மாற்றினால் 500 - 400 = 100. சரியான விடை 4! இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நூறுக்கு மாற்றவே கூடாது, சின்னதிலிருந்து பெரியதுக்கு எண்ணிப் போகச் சொல்லுங்கள். இதை நான் வேண்டுமென்றே வகுப்பில் கொடுப்பேன். விதியை நம்பி ஏமாந்த பிள்ளை அடுத்த தடவை எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றும்.

சரி, வீட்டில் எப்போது பழக்குவது? எங்கள் பிள்ளைகளிடம் கே.ஆர்.பி. அணையை (கிருஷ்ணகிரி அணை) வைத்துக் கேட்பேன்: முழு நீர்மட்டம் 52 அடி, இன்றைக்கு 38 அடி, நிரம்ப இன்னும் சுமாரா எவ்வளவு? உங்கள் ஊரில் பால் கணக்கு, பேருந்துச் சில்லறை என்று எதுவும் கிடைக்கும். ஒன்று மட்டும், 437 ÷ 6-க்கு 450-ஐ எடுத்துக்கொண்டு அவள் 75 என்று சொன்னால் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். 70-க்கும் 75-க்கும் நான் ஒரே மதிப்பெண்தான் போடுகிறேன்.