பாதி சீசனில் கோச்சை எப்போது அனுப்பலாம்? கேளுங்கள், சொல்கிறேன்

போன வாரம் "கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா" என்று ஒருவர் கேட்கப்போய், வரிசையாகக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஹாக்கி என்றால் என்.எச்.எல்., வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக். 32 அணிகள், 2025-26 வரை ஆளுக்கு 82 ஆட்டங்கள், அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை; அதன்பின் 16 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது சாம்பியன் கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளுக்குப் போகும். நான் டொராண்டோ பக்கம் 23 வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பவன். மூன்று குளிர்காலம் சிறுவர் அணி ஒன்றுக்கு உதவிக் கோச்சாகவும் இருந்தேன். வேலை என்னவென்றால், ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போக பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது.

அரை டிக்கெட்: எத்தனை தோல்விக்குப் பிறகு அனுப்பலாம்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்கள் சார்.

நம்பர் கிடையாது. எட்மன்டன் ஆய்லர்ஸ் 2023-இல் வெறும் 13 ஆட்டத்தில் ஜே வுட்கிராஃப்டை அனுப்பியது. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 2015 டிசம்பரில் மைக் ஜான்ஸ்டனை அனுப்பியபோது அவர் கணக்கு 15 வெற்றி, 10 தோல்வி, கூடுதல் நேரத்தில் 3 தோல்வி. அதாவது ஜெயித்துக்கொண்டிருந்தார்! இன்னும் கேளுங்கள், 2000-இல் நியூ ஜெர்ஸி டெவில்ஸ் 41 ஆட்டம் ஜெயித்திருந்த ராபி ஃப்டோரெக்கை, சீசன் முடிய 8 ஆட்டமே இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லாரி ராபின்சனை வைத்துக் கோப்பையையும் தூக்கியது. வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றுக்கும் காரணம் பிடிபடாது.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் எதைப் பார்ப்பது?

தோல்வி எப்படி வருகிறது என்பதை. அணி எத்தனை நல்ல வாய்ப்பை உண்டாக்குகிறது, எதிரணிக்கு எத்தனை கொடுக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எத்தனை கோலாகிறது, நம் கோலி (கோலைக் காத்து நிற்பவர்) எத்தனை தடுக்கிறார் என்பது இன்னொரு கணக்கு. முதலாவதில் கோச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாவது, குறைந்த ஆட்டங்களில் பார்த்தால், பாதிக்கு மேல் அதிர்ஷ்டம். நம் அணி அடிக்கும் ஷாட்டில் எத்தனை சதவீதம் கோலாகிறது, நம்மை நோக்கி வருவதில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் எல்லோருக்கும் 100 பக்கம்தான் வந்து நிற்கும். உங்கள் அணி 95-இல் கிடந்தால் அது தானாக மேலே வரும், கோச் யாராக இருந்தாலும் சரி. ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்பார்களே, அதே கதைதான். புதுக் கோச் வந்ததும் அணி எழுந்து நிற்பதில் நிறைய இந்த வகை.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2022 அக்டோபர், டெவில்ஸ். முதல் இரண்டு ஆட்டமும் 5-2, 5-2 என்று தோல்வி. இரண்டாவது சொந்த ஊரில். அரங்கமே "லிண்டியைத் தூக்கு" என்று கத்தியது. லிண்டி ரஃப்தான் கோச். ஜெனரல் மேனேஜர் டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட் அசையவில்லை. அந்த மாதம் முழுக்க ஷாட் கணக்கில் டெவில்ஸ் கை ஓங்கியே இருந்தது, கோல்தான் விழவில்லை. அப்புறம் விழத் தொடங்கியது பாருங்கள், தொடர்ந்து 13 வெற்றி. அதே கூட்டம் நவம்பரில் "மன்னித்துவிடு லிண்டி" என்று கோஷம் போட்டது. அந்த சீசன் 112 புள்ளி, அணியின் வரலாற்றிலேயே அதிகம். (2024 மார்ச்சில் அதே ஃபிட்ஸ்ஜெரால்ட் அதே ரஃபை அனுப்பினார் என்பதும் உண்மைதான். மன்னிப்புக்கும் காலாவதித் தேதி இருக்கிறது.)

நீலக்கோடு: புள்ளிவிவரமெல்லாம் எனக்கு ஏறாது. அணி கோச்சைக் கைவிட்டுவிட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டை) பார்க்காதீர்கள், பக்கைப் பறிகொடுத்தவனைப் பாருங்கள். எதிரணி எல்லையில் ஒரு முன்கள ஆட்டக்காரன் பக்கைப் பிடிக்கும் போட்டியில் தோற்று, பக் மறுபக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று உந்தல் எப்படி இருக்கிறது? முட்டி மடங்கி, பிளேடு பனியைக் கிழித்துக்கொண்டு திரும்புகிறானா, அல்லது நிமிர்ந்து நின்று அரை வட்டம் போட்டு வழுக்கிக்கொண்டே வருகிறானா? ஒருவன் ஒருமுறை வழுக்கினால் களைப்பு. மாறி மாறி இறங்கும் முன்கள வரிசைகளில் மூன்று, இரண்டாம் பீரியடில் (மூன்று பகுதி ஆட்டத்தின் நடுப் பகுதியில்), ஒரு கோல் பின்தங்கிய நிலையில் வழுக்கினால் அந்தக் கோச் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஷிஃப்ட் நேரம், அதாவது ஒருவன் ஒரு தடவை இறங்கினால் பனியில் நிற்கும் நேரம். 45 விநாடியில் பெஞ்சுக்கு வரவேண்டியவன் ஒரு நிமிடம் தாண்டியும் வரமாட்டான், அவனுக்கு அவன் கோல் முக்கியம். கதவருகே நின்றவன் என்பதால் எனக்கு இது முதலில் கண்ணில் படும். எங்கள் சிறுவர் அணியில் ஒரு டிசம்பரில் இதைப் பார்த்தேன். தலைமைக் கோச் வெள்ளைப் பலகையில் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருக்கிறார், பத்துப் பையன்களும் தலையை ஆட்டுகிறார்கள், ஒருவன் கண்ணும் பலகையில் இல்லை, எல்லாம் எதிரே பாப்கார்ன் கடையில். அந்த வருடம் நாங்கள் என்ன ஆனோம் என்று கேட்காதீர்கள்.

கோலியின் அம்மா: கோலி கோட்டை விட்டால் கோச்சின் சீட்டைக் கிழிக்கிறார்கள். இது என்ன நியாயம்?

நியாயமே இல்லை, ஆனால் நடப்பது அதுதான். செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் கதையை எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். 2018 நவம்பர் 19-இல் மைக் யோவை அனுப்பினார்கள், கிரெய்க் பெரூபே வந்தார், கோப்பை வந்தது, அதனால் கோச்சை மாற்று, கோப்பை வாங்கு. நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிடுகிறார்கள். யோ போகும்போது 7 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 3. ஜனவரி 3 காலையில் அணி 15, 18, 4. கழித்துப் பாருங்கள், பெரூபேவின் முதல் 18 ஆட்டங்கள் 8, 9, 1. யோவை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு 31 அணிகளில் கடைசி இடம். ஜனவரி 7-இல் ஜோர்டன் பின்னிங்டன் என்ற பையனை முதன்முறையாக ஆரம்பம் முதல் கோலியாக இறக்கினார்கள். ஒரு கோல்கூட விடவில்லை. அந்த சீசன் அவர் 24 ஆட்டம் ஜெயித்தார், ஜூன் 12-இல் பாஸ்டனில் இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டம் 4-1, கோப்பை.

பெரூபே ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை, அணியின் தற்காப்பு அவர் கையில் இறுகியது. ஆனால் கோலியை மாற்றாமல் கோச்சை மட்டும் மாற்றிய அந்த ஏழு வாரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

எட்மன்டன் குளிர்: வுட்கிராஃப்டுக்கு நடந்தது அநியாயம் இல்லையா? ஜெயித்த மறுநாளே அனுப்பினார்களே.

நவம்பர் 11 சியாட்டிலில் 4-1 வெற்றி, 12-இல் வேலை போனது. ஒரு வெற்றி எதையும் மாற்றாது, 3 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 1 என்பது 2 வெற்றி 9 தோல்வி 1 என்பதைவிட எவ்வளவு மேல்? அவருக்கு அநியாயம்தான், ஏனென்றால் அவர் அணி வாய்ப்புகளை நன்றாகவே உண்டாக்கியது, கோலில் நின்றவர்கள்தான் ஒழுகினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் கோலி ஜாக் கேம்ப்பெலை மைனர் லீகுக்கு (என்.எச்.எல்.-க்கு அடுத்த கீழ்ப்படி) அனுப்பியிருந்தார்கள். இன்னும் பத்து ஆட்டம் விட்டிருந்தால் வுட்கிராஃப்ட் கையிலேயே நிமிர்ந்திருக்கும் என்பது என் கட்சி.

ஆனால் ஒரு விஷயத்தில் எட்மன்டனைப் பாராட்ட வேண்டும். அடுத்தவர் தயாராக இருந்தார். கிரிஸ் நாப்லாக், ஹார்ட்ஃபோர்டில் மைனர் லீக் கோச், எட்மன்டனின் நட்சத்திரம் கானர் மெக்டேவிடை ஈரி ஜூனியர் அணியில் பதின்வயதிலேயே பயிற்றுவித்தவர். அதே நாளில் தற்காப்பைப் பார்க்க பழைய நட்சத்திரத் தற்காப்பு ஆட்டக்காரர் பால் காஃபியையும் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் 16 வெற்றி தொடர்ந்து, இறுதிப்போட்டியில் 0-3 என்று விழுந்து 3-3 வரை ஏறி, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று ஃபுளோரிடாவிடம் தோல்வி.

ராத்திரி ரசிகன்: மாற்றியும் உருப்படாத அணிகள் இல்லையா?

அதுதான் அதிகம், அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. 2021 டிசம்பர் 6, பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் அலன் வினியோவை அனுப்பியது. அந்த மாதக் கடைசியில் தொடங்கி 13 ஆட்டம் தொடர்ந்து தோல்வி, அந்த அணியின் சரித்திரத்திலேயே மோசம். இடைக்காலக் கோச் யார் தெரியுமா? ப்ளூஸ் அனுப்பிய அதே மைக் யோ. பெஞ்சில் இருந்த உதவியாளரையே நகர்த்தி உட்காரவைத்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். புதுக் குரல், புதுத் திட்டம் இல்லாமல் ஆள் மட்டும் மாறினால் ஆட்டக்காரனுக்கு என்ன மாறியது?

தேநீர்க்கடை: எந்த மாதம் நல்ல மாதம்?

முகூர்த்தம் பார்க்கிறீர்களா! சரி, சொல்கிறேன். அமெரிக்க நன்றி தெரிவிக்கும் நாள், நவம்பர் நாலாவது வியாழன் வரும், அன்றைக்குப் பிளேஆஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் சுமார் நாலில் மூன்று கடைசியிலும் உள்ளே இருக்கும். ஹாக்கியில் கூடுதல் நேரத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி கொடுக்கிறார்கள், அதனால் முன்னால் போனவனைப் பிடிப்பது பெரும் பாடு. ஆகவே நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள். லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் டெர்ரி மரேயை அனுப்பியது 2011 டிசம்பர் 12. பெங்குவின்ஸ் ஜான்ஸ்டனை அனுப்பியது 2015 டிசம்பர் 12. ப்ளூஸ் பெரூபேவை, ஆமாம் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே பெரூபேவை, அனுப்பியது 2023 டிசம்பர் 12. நான் கோச்சாக இருந்தால் அன்றைக்குப் போனை அணைத்துவிடுவேன்.

விதிவிலக்கும் உண்டு. 2009 பிப்ரவரி 15, பெங்குவின்ஸ் லீகின் கிழக்குப் பிரிவில் 10-ஆம் இடத்தில், 25 ஆட்டம் பாக்கி. மிஷெல் தெரியன் போனார், மைனர் அணியிலிருந்து டேன் பைல்ஸ்மா வந்தார், 18 வெற்றி, 3 தோல்வி, கூடுதல் நேரத்தில் 4, ஜூனில் கோப்பை. ஆனால் உங்கள் அணியில் கிராஸ்பி, மால்கின் மாதிரி நட்சத்திரங்கள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

சில்லறை: ஒப்பந்தம் பாக்கி இருந்தால் சம்பளம்?

கொடுக்கத்தான் வேண்டும். டொராண்டோ 2015-இல் மைக் பாப்காக்குக்கு 8 வருடத்துக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, 2019 நவம்பரில் அனுப்பியது, மூன்று வருடத்துக்கு மேல் பாக்கி. ஆனால் கோச் சம்பளம் ஆட்டக்காரர்களின் சம்பள வரம்புக்குள் வராது. 20 பேரை மாற்ற முடியாத அணிக்கு, வெட்டக்கூடிய தலை அது ஒன்றுதான்.

பேர் வேண்டாம்: நட்சத்திர ஆட்டக்காரன் கோச்சைப் பிடிக்கவில்லை என்றால்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருவன் புகார் சொன்னால் விடுங்கள். கேப்டனும் கோலியும் நாலாம் வரிசைப் பையனும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

நம்பிக்கை இழந்தவன்: எங்கள் அணி 22 ஆட்டத்தில் 7 வெற்றி. கோலி பரவாயில்லை. ஷாட் கணக்கு எப்போதும் கீழே. என்ன செய்யலாம்?

கோலி பரவாயில்லை, வாய்ப்புக் கணக்கு கீழே என்றால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. போன வருடமும் இதே ஆட்டக்காரர்கள்தானா, அப்போதும் கீழேதானா? ஆம் என்றால் ஆட்களே போதவில்லை, கோச்சை அனுப்பி ஒன்றும் ஆகப்போவதில்லை. போன வருடம் மேலே இருந்து இந்த வருடம் விழுந்திருந்தால் அடுத்த மூன்று நாள் ஆட்டமில்லாத இடைவெளி எப்போது வருகிறது என்று அட்டவணையைப் பாருங்கள். புதுக் கோச்சுக்கு இரண்டு முழுப் பயிற்சியாவது கிடைக்க வேண்டும். அப்புறம் உங்கள் மைனர் அணியில் யார் கோச், இப்போது ஆடும் பையன்களில் எத்தனை பேர் அவர் கையில் வளர்ந்தவர்கள் என்று எழுதுங்கள். 2015-இல் பெங்குவின்ஸில் ஜான்ஸ்டன் இடத்துக்கு மைனர் அணியிலிருந்து வந்த சலிவன் முதல் நாலு ஆட்டமும் தோற்றார், ஆனால் ரஸ்ட், ஷீரி, மாட் மரே எல்லாம் அவர் மைனர் அணியில் பழக்கியவர்கள், அவர்கள்தான் பின்னால் கோப்பைக்கு ஓடினார்கள். பெயரை அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.