கட்டியை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் வயது 42. கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இடது மார்பில் வலியில்லாத கட்டி ஒன்று தட்டுப்படுகிறது. ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் ‘பை-ராட்ஸ் 4 ஏ’ என்றிருக்கிறது. நான் பார்த்த அறுவை மருத்துவர், உடனே கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார். ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். மார்பக நோய்களில் அனுபவமுள்ள பொது அறுவை நிபுணரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கோவைக்குத்தான் இறங்க வேண்டுமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கடைசி வரி. பை-ராட்ஸ் என்பது மார்பக ஸ்கேனில் சந்தேகத்தின் அளவைக் காட்டும் தரவரிசை. அதில் ‘4 ஏ’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. அதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இல்லை. ஆனாலும் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் விடக்கூடாத நிலை அது. ஊசியால் நோய் பரவும் என்ற அச்சத்தால் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, சற்றுத் தடித்த ஊசியால் துணுக்கெடுக்கும் பயாப்ஸி சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம்.

நல்ல மருத்துவரை அடையாளம் காணும் வழியும் இதில்தான் இருக்கிறது. கையால் சோதிப்பது, ஸ்கேனும் உங்கள் வயதுக்குரிய மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) பார்ப்பது, பயாப்ஸி செய்வது ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் கத்தியை எடுக்காதவரே மார்பக நோய்களில் பழகியவர் என்று நான் சொல்வேன். இன்னதென்று தெரியாமல் கட்டியை எடுத்து, பிறகு அது புற்றுநோய் என்று அறிக்கை வந்தால், சுற்றிலும் விட வேண்டிய ஓரம் போதாமல் மறுபடி அறுவை செய்ய நேரலாம். முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் கைநழுவிப் போகலாம்.

ஆகவே அவரிடம் தயங்காமல் கேளுங்கள்: மார்பக அறுவை அடிக்கடி செய்கிறீர்களா? பயாப்ஸியை ஸ்கேன் பார்த்தபடியே செய்வீர்களா? புற்றுநோயானால் யாருடன் கலந்து முடிவெடுப்பீர்கள்? இக்கேள்விகளுக்கு எரிச்சல்படுபவரைவிட, உட்கார வைத்து விளக்குபவரை நம்பலாம். அவருடைய பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

சாதாரணக் கட்டி, சீழ்க்கட்டி போன்றவற்றுக்கு எம்.எஸ். என்ற அறுவை மருத்துவ மேற்படிப்பு முடித்த அனுபவமுள்ள பொது அறுவை நிபுணரே போதும். பயாப்ஸிக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். புற்றுநோய் என்று உறுதியானால் மட்டும், மருந்து, கதிர்வீச்சு, நோய்க்குறியியல் நிபுணர்கள் ஒன்றாக இருக்கும் கோவை மருத்துவமனைக்குச் செல்வதே சரி. மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தால், பெரும்பாலும் கதிர்வீச்சுக்காகச் சில வாரங்கள் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்க உடம்பு தாங்காது என்பதால், தங்குமிடத்தையும் தோட்டத்தில் விடுப்பையும் முன்னதாகவே பேசிவையுங்கள்.

பயாப்ஸி அறிக்கையோடு, துணுக்கைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் மேற்கொண்டு செய்யும் ஹார்மோன் சோதனைகளுக்கு அதுவே உதவும். மறுபடி ஊசி குத்த வேண்டியிராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லையென்றால், அதைப் பெறுவதற்காக இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்குச் சொல்லிவிடுங்கள்.