கத்தரிக்கோலில் கூர்மை எங்கே?

கேள்வி: மரபணுவைத் திருத்தப் பயன்படும் காஸ்9 நொதியை 'மூலக்கூறு கத்தரிக்கோல்' என்று எழுதுகிறார்கள். கத்தரிக்கோல் என்றால் கூர்மை வேண்டாமா? டி.என்.ஏ.வை உண்மையில் வெட்டுவது எது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தண்ணீர்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காஸ்9-இல் கூர்மை எதுவும் கிடையாது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற பாக்டீரியா, தன்னைத் தாக்கும் வைரஸ்களை ஒழிக்க வைத்திருக்கும் புரதம் அது. 1,368 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி.

அது முதலில் தேடுவது நாம் குறிவைத்த மரபணுவை அல்ல. டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் ஏதோ ஓர் எழுத்து, அடுத்து இரண்டு 'ஜி' என்ற மூன்றெழுத்து அடையாளத்தை. அங்கே தொற்றிக்கொண்டு, பக்கத்தில் இரட்டை இழையைப் பிரித்து, எங்கே வெட்டுவது என்று காட்ட அது சுமந்து வரும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் 20 எழுத்துகளோடு வரிசையாகப் பொருத்திப் பார்க்கும். தொடக்கத்திலேயே இடறினால் விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விடும்.

போதுமான அளவு பொருந்தினால்தான் புரதத்தின் எச்.என்.எச். என்ற பகுதி திரும்பி வந்து, வழிகாட்டியோடு சேர்ந்த இழையின் மேல் உட்காரும். இழையின் சர்க்கரைகளைக் கோத்து வைத்திருப்பது பாஸ்பேட். அதன் அருகே ஒரு நீர் மூலக்கூறு. புரதச் சங்கிலியின் 840-ஆவது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அந்த நீரிடமிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கும். மெக்னீசிய அயனி பாஸ்பேட்டைப் பதமாக்கி வைத்திருக்கும். புரோட்டானைப் பறிகொடுத்த நீர் சும்மா இருக்குமா? பாஸ்பரஸ் மேல் பாயும். மறுபக்கப் பிணைப்பு விட்டுப்போகும். அவ்வளவுதான் வெட்டு! மற்ற இழையை ரூவ்சி என்ற பகுதி கவனித்துக்கொள்ளும். இரண்டும் அறுபடுவது அந்த அடையாளத்துக்கு மூன்று எழுத்து முன்னால்.

2012-இல் விஞ்ஞானிகள் ஜெனிஃபர் டவுட்னா, எம்மானுவேல் ஷார்பான்டியே குழுவினர் அந்த ஒரு ஹிஸ்டிடினை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஓர் இழைதான் அறுந்தது.

மெக்னீசியத்தின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஆய்வகத்தில் ஒரு வாரம் எதுவுமே வெட்டுப்படவில்லை. நொதி கெட்டுவிட்டது என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், டி.என்.ஏ.வை நான் கரைத்து வைத்திருந்த திரவத்தில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கூடுதல். மெக்னீசியத்தை எல்லாம் அது கவ்விக்கொண்டுவிட்டது.

அப்புறம், கத்தரிக்கோல் வெட்டியதும் விலகிவிடும், இது விலகாது. அறுந்த முனைகளைப் பிடித்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சோதனைக் குழாயில் துண்டுகளைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், புரதத்தைத் தின்னும் வேறொரு நொதியை ஊற்றி இதைக் கரைத்தாக வேண்டும்.