மோனோகிராம் கோணலாகவே தெரிகிறதா? ரசமட்டத்தைத் தூர வையுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சொந்த உபயோகத்துக்கு ஒரு பழைய செடான் கார் வைத்திருக்கிறேன். கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும்போது டிக்கியில் இடித்துவிட்டது. டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து நாலு நாள் ஆகிறது. மோனோகிராம், அதாவது கம்பெனி சின்னத்தையும் மாடல் பெயரின் தனித்தனி எழுத்துகளையும், பெயிண்டர் ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, "ஃபெவிக்விக் வெச்சு நீங்களே ஒட்டிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டார். செல்லோ டேப் போட்டு நிறுத்திப் பார்த்தேன். ரசமட்டம் வைத்து அளந்தும் கோணலாகவே தெரிகிறது. எப்படி நேராக ஒட்டுவது? எந்தப் பசை போடுவது?

பதில்: நாலு நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். பெயிண்ட் கையில் ஒட்டவில்லை என்றால் மேல்தோல் காய்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். உள்ளே இறுக நாளாகும். பெயிண்ட் பூத் என்கிற சூடேற்றும் அறையில் வைத்து 60 டிகிரியில் அரை மணி நேரம் வாட்டி எடுத்த வண்டியாக இருந்தால் இரண்டு நாளில் ஒட்டலாம், உங்களுக்கு இப்போதே நேரம் வந்துவிட்டது. ஷெட்டில் அடித்துக் காற்றில் காயவிட்டதாக இருந்தால் உள்ளிருக்கும் தின்னர் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதன்மேல் டேப்பை ஒட்டி மூடினால் அந்த இடம் மட்டும் இளகியே கிடக்கும். பிறகொரு நாள் சின்னம் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். எப்படிக் காயவைத்தார் என்று பெயிண்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். காற்றில் காய்ந்தது என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அதுவரை கவர் பீரோவில் இருக்கட்டும். டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள், வெயிலில் எழுத்து வளைந்தால் அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது.

போனில் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: சின்னத்துக்கான ஓட்டைகளை விட்டுவைத்தாரா, மூடிவிட்டாரா? சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் டிக்கித் தகட்டில் அதற்கு இரண்டு ஓட்டை இருந்திருக்கும். ஓட்டை அப்படியே இருந்தால் சின்னத்துக்கு அளவெடுக்கும் வேலையே இல்லை, முள் தானாக இடத்தைக் காட்டும். ஓட்டையின் ஓரத்துக்கு மட்டும் துளி சீலன்ட் வையுங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் பெயிண்ட் இல்லாத வெறும் தகடு எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம், அதுவே இரும்பை அரிக்கும். பட்டி போட்டு ஓட்டையை மூடிவிட்டார் என்றால் முள்ளை பிளேடால் சீவி, அரம் போட்டுச் சமமாக்கிவிடுங்கள்.

இனி அந்தக் கோணல். உங்கள் ரசமட்டம் பொய் சொல்லவில்லை. அது பூமியைப் பார்த்து நேர் சொல்கிறது, நம் கண்ணோ வண்டியை வைத்து நேர் பார்க்கிறது. மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும் என்று தெருவையே நடுவில் மேடாக, மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வைத்துத்தான் போடுகிறார்கள். அந்தச் சரிவில் நிற்கும் வண்டியில், 30 சென்டிமீட்டர் நீளப் பெயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆறேழு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே கண் கண்டுபிடித்துவிடும். இந்தப் பாடத்தை நான் படித்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. தொழிலுக்கு வந்த புதிதில், கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு ஷெட்டில், கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி ஒரு வண்டிக்கு எழுத்து ஒட்டினேன். அப்படி ஒரு சுத்தமான வேலை. சாயங்காலம் ஓனர் வந்து பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறதே என்று பம்ப் அடித்தார். அவர் அடிக்க அடிக்க என் எழுத்து என் கண் முன்னாலேயே சாய்ந்தது.

அதனால் நேருக்கு ஆதாரம் வண்டியின் உடம்பில்தான் இருக்கிறது. நம்பர் பிளேட் பள்ளத்தின் மேல் ஓரம், டிக்கியின் குறுக்கே ஓடும் மடிப்பு, குரோம் பட்டை இருந்தால் அது. எழுத்து வரப்போகிற இடத்துக்கு மிக அருகில் ஓடும் கோடு எதுவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கோட்டை நம்பினால் அளவு சரியாக இருக்கும், பார்வைக்குச் சரியாக இருக்காது. பல டிக்கிகளின் மேல் ஓரம் நடுவில் லேசாக வில் போல் உயர்ந்திருக்கும். அதிலிருந்து அளந்தால் ஏமாறுவீர்கள். முதலில் கம்பெனி எந்த உயரத்தில் ஒட்டியது என்று தெரிய வேண்டுமே? அதே மாடல் வண்டி உங்கள் வட்டாரத்தில் ஒன்றாவது நிற்கும். ஓனரிடம் சொல்லிவிட்டு அளவெடுங்கள். டிக்கி அருகே டேப்போடு குனிந்து நிற்கிற ஆளை நம் ஊரில் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

நடுவைக் கண்டுபிடிக்க ஸ்கேலும் வகுத்தலும் வேண்டாம். நீளமாக ஒரு பேப்பர் பட்டை வெட்டி, ஒரு டெயில் லேம்ப் ஓரத்திலிருந்து மறு டெயில் லேம்ப் ஓரம் வரை டிக்கியின் வளைவோடு படியவைத்து அளந்து வெட்டுங்கள். இரண்டாக மடித்தால் மடிப்பு விழும் இடம்தான் நடு. சின்னத்தின் நடு அங்கே வரட்டும். எழுத்துகளுக்கு, பிடித்த கோட்டுக்கு இணையாக ஒரு மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். எழுத்துகள் அதன் மேல் ஓரத்தில் உட்கார வேண்டும். செல்லோ டேப்பைப் புது பெயிண்டில் இனிமேல் போடாதீர்கள், உரித்தால் பிசின் தங்கும்.

இடைவெளிதான் பலரும் கோட்டை விடுகிற இடம். எல்லா எழுத்துக்கும் நடுவே ஒரே மில்லிமீட்டர் விட்டால் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றும், இருக்காது. ஆங்கில 'ஏ'வும் 'வி'யும் பக்கத்தில் வந்தால் நடுவே பெரிய பொட்டல் தெரியும், 'ஐ'யும் 'என்'னும் வந்தால் நெருக்கியடித்துத் தெரியும். சுவரில் போர்டு எழுதுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். எழுத்துகளின் நடுவே மணல் கொட்டினால் ஒவ்வொரு இடுக்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு மணல் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நகர்த்துங்கள். அதே மாடல் வண்டியில் ஒரு பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்க ஓனர் சம்மதித்தால் இந்தத் தலைவலியே கிடையாது. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு பக்கம் புதிதாக மோனோகிராம் வாங்கினால், எழுத்துகள் வரிசையாக ஒரு படலத்தில் பிடித்தபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் படலத்தை உரிக்காமல் அப்படியே ஒட்டிவிட்டுக் கடைசியில் உரிக்கலாம்.

எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பில் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள். செல்போனில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் ஒரு படம் எடுங்கள். கிட்டே நின்று எடுத்தால் லென்ஸே கோட்டை வளைத்துவிடும். முடிந்தால் ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் புதுக் கண்ணோடு பாருங்கள்.

பசை விஷயம். ஃபெவிக்விக் வகைப் பசை எனக்குச் சம்மதமில்லை. இந்தச் சின்னங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், மேலே குரோம் முலாம். வெயிலில் பிளாஸ்டிக் ஒரு அளவு விரியும், தகடு வேறொரு அளவு விரியும். டிக்கியை நீங்கள் சாத்துகிற ஒவ்வொரு முறையும் அதிர்வு வேறு. கண்ணாடி மாதிரி இறுகுகிற அந்தப் பசைக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, விட்டுவிடும். ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். எல்லாவற்றையும்விட, வைத்த நொடியில் பிடித்துக்கொள்வதால் ஒரு நூல் அளவுகூட நகர்த்த முடியாது. உங்களுக்கு வேண்டியது அக்ரிலிக் ஃபோம் டபுள் சைட் டேப், சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். சிவப்புத் தாள் போட்டு வரும், ஆட்டோமொபைல் கடையில் கேளுங்கள். ஸ்டேஷனரி கடையின் வெள்ளை ஃபோம் டேப் ஒரு கோடையைத் தாண்டாது. எழுத்தின் வடிவத்துக்கு, ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி பிளேடால் வெட்டுங்கள். எழுத்தின் பின்னால் பழைய டேப்பின் மிச்சம் இருந்தால் நீலகிரித் தைலம் தொட்டு ஊறவைத்துத் தேய்த்தெடுங்கள், அப்புறம் அந்த எண்ணெய்ப் பசை போகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

ஒட்டுகிற அன்று டிக்கியை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு சுத்தமான துணியால் ஒரே திசையில் துடைத்துக் காயவிடுங்கள். நம் பக்கத்தில் உப்பும் லாரிப் புகையும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் எப்போதும் படிந்திருக்கும், அது போனால்தான் டேப் பிடிக்கும். தின்னர் பக்கம் போகாதீர்கள், புது பெயிண்டைத் தின்றுவிடும். கை சானிடைசரும் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். ஒட்டி முடிக்கும்வரை பாலீஷ், வேக்ஸ் எதுவும் கூடாது.

வெளிநாட்டு வீடியோக்களில் ஒட்டுவதற்கு முன் தகட்டை ஹேர் டிரையரால் சூடாக்குவார்கள். அது குளிர் நாட்டுக்காரர்கள் பாடு. இந்த டேப்புக்கு 21 முதல் 38 டிகிரி போதும். சென்னைக்கு அதற்குக் குறை இல்லை, அதிகமாகிவிடாமல் பார்ப்பதுதான் நம் கவலை. மத்தியான வெயிலில் நின்ற டிக்கியில் கை வைக்க முடியாது, டேப் மட்டும் என்ன செய்யும்? நிழலில், காலை ஒன்பது பத்து மணி வாக்கில் ஒட்டுங்கள். மார்கழியில் விடியற்காலை வேண்டாம், பனி ஈரம் தகட்டில் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்துவார்கள். அந்த வித்தை இங்கே உதவாது, ஃபோம் டேப்புக்கு ஈரம் ஆகாது.

சின்னத்தை இப்போது அதன் இடத்தில் வைத்து, மேல் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பைப் போட்டுக் கதவுக் கீல் மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். கீழிருந்து தூக்கிச் சிவப்புத் தாளை உரித்துவிட்டு மெல்ல இறக்கினால், கை நடுங்கினாலும் அது வேறெங்கும் போகாது. எழுத்துகளுக்கும் இதே கீல்தான். நடு எழுத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் போங்கள். கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் பதினைந்து இருபது நொடி நன்றாக அழுத்துங்கள், பிடிப்பு அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் புல்லட் இருக்கிறதோ இல்லையோ, தண்டையார்பேட்டைக்காரருக்கு இதைச் சொல்லாமல் விட மனசில்லை. அதன் தொழிற்சாலை 1950-களில் வந்த திருவொற்றியூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். டாங்கில் தங்கக் கோடு பிரஷ்ஷால் கையாலேயே இழுக்கப்படுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கை ரசமட்டம் பார்ப்பதில்லை, டாங்கின் வளைவையே பிடித்துக்கொண்டு போகிறது. புல்லட் டாங்க் மோனோகிராம் மாற்றுகிறவர்களுக்கும் அதுதான் வழி. இடது வலது இரண்டும் வேறுவேறு என்பதை மட்டும் ஒட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டியபின் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு வரும், 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, முழுசாக வர 72 மணி நேரம். அந்த மூன்று நாள் வாட்டர் வாஷ் கூடாது, டிக்கியைப் படாரென்று சாத்தவும் கூடாது. அழுத்துவதற்கு முன்பே கோணல் தெரிந்தால் உடனே எடுத்துவிடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையருக்கு வேலை அப்போதுதான்: இளஞ்சூடு காட்டி, காசிமேட்டில் வலைச் சாமான் கடையில் கிடைக்கும் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் நரம்பை, சின்னத்துக்குப் பின்னால் விட்டு, ரம்பம் போல இழுத்தால் ஃபோம் அறுந்துவிடும். நூல்தானே என்று மாஞ்சாவை எடுத்துவிடாதீர்கள். தடை செய்த சரக்கு என்பது ஒரு பக்கம், அதிலிருக்கும் கண்ணாடித் தூள் உங்கள் புது பெயிண்டைக் கோடு கோடாகக் கீறிவிடும். அறுத்த டேப்பைத் திரும்ப ஒட்டாதீர்கள், புதிதாக வெட்டிப் போடுங்கள்.