ஷாமோனி–ஸெர்மாட் உயர்வழி: தேர்ந்த சறுக்கு வீரருக்கும் வழிகாட்டி தேவையா?

பனிச்சறுக்கு மையங்களின் கடினமான சரிவுகளிலும் தடுமாறாமல் இறங்கும் ஒருவர், பிரான்சின் ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை ஆல்ப்ஸைக் கடக்கும் உயர்வழிக்கு வழிகாட்டியை அமர்த்த வேண்டுமா என்பது கேள்வி. வேண்டும் என்பதே என் கருத்து. ஏனெனில் அங்கே சோதிக்கப்படுவது சறுக்கும் திறமை மட்டுமன்று.

மையங்களில் சரிவுகளைக் கண்காணிக்கவும் ஆபத்தான பனியை வெடிவைத்துச் சரிக்கவும் ஆட்கள் உண்டு. இங்கோ பனியாற்றின் பிளவுகளைப் புதுப்பனி மூடியிருக்கும்; எந்தச் சரிவை எத்தனை மணிக்குள் கடக்கலாம் என்பதை முந்தைய நாள்களின் காற்றையும் இரவின் குளிரையும் கணக்கிட்டே முடிவுசெய்ய வேண்டும். வினியெத் குடிலிலிருந்து ஸெர்மாட் செல்லும் கடைசி நாளில் லெவெக், மோன் புருலே, வால்பெலின் என மூன்று கணவாய்கள் குறுக்கிடுவதால், தாமதமாகப் புறப்படுபவர்கள் வெயிலில் இளகிய பனியில் சிக்க நேரிடும்.

வழிகாட்டி உடனிருப்பதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. 2018 ஏப்ரல் இறுதியில் இவ்வழியிலுள்ள பீன் தாரோலா சிகரத்தின் அருகே புயலில் அகப்பட்ட சறுக்குப் பயணிகளில், வழிகாட்டி ஒருவர் உட்பட 7 பேர் இறந்தனர். ஆகவே பன்னாட்டு மலைவழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெற்றவரையே தேர்ந்தெடுங்கள். எத்தகைய வானிலையில் திரும்பிவிடுவார் என்று முன்பணம் கட்டுமுன்பே கேளுங்கள் (நல்ல வழிகாட்டி இக்கேள்விக்குக் கோபப்படமாட்டார்).

பனிச்சரிவில் புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10–15 நிமிடங்களுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. புதைவது வழிகாட்டியாகவும் இருக்கக்கூடும் என்பதால், புதையுண்டவரின் இடத்தைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வெட்டி மூன்றையும் கையாள நீங்களும் பழகியிருக்க வேண்டும்.