சிஎஸ்எஸ் அனிமேஷன் முடிந்ததும் பெட்டி பழைய இடத்துக்கே குதிக்கிறது. கடைசி நிலையிலேயே நிறுத்துவது எப்படி?

'அனிமேஷன்-ஃபில்-மோட்: ஃபார்வர்ட்ஸ்' என்று ஒரு வரி சேர்த்தால் பெட்டி நின்றுவிடும். ஆனால் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கப்போகும் நிலைக்கு அதை நம்பாதீர்கள்.

ஃபார்வர்ட்ஸ் போட்டால், ஓட்டம் முடிந்த பிறகும் அனிமேஷன் அந்த எலிமென்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கேஸ்கேடில், அதாவது எந்த விதி வெல்லும் என்று பிரவுசர் தீர்மானிக்கும் வரிசையில், அனிமேஷனின் மதிப்பு சாதாரண விதிகளுக்கு மட்டுமல்ல, எலிமென்ட்டிலேயே எழுதும் இன்லைன் ஸ்டைலுக்கும் மேலே. பிறகு ஜாவாஸ்கிரிப்டில் டிரான்ஸ்ஃபார்மை (பெட்டியை நகர்த்தும் பண்பை) மாற்றினாலும், ஹோவரில் வேறு மதிப்பு கொடுத்தாலும் திரையில் ஒன்றும் நடக்காது. பலர் அனிமேஷனையும் மீறும் 'இம்பார்ட்டன்ட்' போட ஆரம்பிப்பது இங்கேதான். உள்ளே 'பொசிஷன்: ஃபிக்ஸட்' மெனு இருந்தால் இன்னொரு தொல்லை: டிரான்ஸ்ஃபார்ம் பிடியில் இருக்கும்வரை அது திரையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியை வைத்தே தன் இடத்தைக் கணக்கிடும்.

எனவே தலைகீழாக எழுதுங்கள். பெட்டி கடைசியில் எங்கே, எப்படி இருக்கவேண்டுமோ அதையே அதன் சாதாரண விதியில் வையுங்கள். அனிமேஷனின் நிலைகளை எழுதும் கீஃப்ரேமில், தொடக்கத்தைக் குறிக்கும் 'ஃப்ரம்' மட்டும் போதும்: டிரான்ஸ்லேட்எக்ஸ் மைனஸ் 100%, அதாவது பெட்டி தன் அகலம் அளவுக்கு இடப்பக்கம் தள்ளி நிற்கும். முடிவைக் குறிக்கும் 'டூ' எழுதாவிட்டால், எலிமென்ட்டுக்கு இயல்பாக உள்ள மதிப்பையே பிரவுசர் முடிவாக எடுத்துக்கொள்ளும். 300 மில்லிசெகண்ட் ஓடி முடிந்ததும் அனிமேஷன் விலகும். திரும்பிக் குதிக்க வேறு இடமே இருக்காது.

தொடங்கும் முன் 200 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) வைத்தால் மட்டும் கவனம். அந்த இடைவெளியில் பெட்டி முடிவிடத்தில் தெரிந்துவிட்டு, சட்டென்று வெளியே போய், மறுபடி உள்ளே வரும். அதற்கு மருந்து, ஃபில்-மோடில் 'பேக்வர்ட்ஸ்': தாமதத்தின்போதே 'ஃப்ரம்' நிலையைப் பிடித்துவைக்கும்.

மறையும் அனிமேஷனில்தான் அதிகம் தவறுகிறது. ஒப்பாசிட்டி 0 ஆகி முழுதும் மறைந்தாலும் பட்டன் அங்கேயே இருக்கிறது. கிளிக் வாங்கும், டேப் விசையின் ஃபோகஸும் அதில் போய் நிற்கும். சாதாரண விதியில் ஒப்பாசிட்டி 0, 'விசிபிலிட்டி: ஹிட்டன்' இரண்டையும் வைத்து, 'ஃப்ரம்'மில் ஒப்பாசிட்டி 1, 'விசிபிள்' என்று எழுதுங்கள். ஒப்பாசிட்டி படிப்படியாகக் குறையும். விசிபிலிட்டி கடைசிக் கணம்வரை விசிபிளாகவே இருந்து அப்புறம்தான் மாறும்.

எலிமென்ட்டை டாமிலிருந்தே (பக்கத்தின் எலிமென்ட் மரத்திலிருந்தே) நீக்க, அனிமேஷன் முடிந்ததும் வரும் 'அனிமேஷன்எண்ட்' நிகழ்வை மட்டும் நம்பியிருந்தால், அசைவைக் குறைக்கும் அமைப்பை வைத்திருப்பவருக்காக 'அனிமேஷன்: நன்' என்று எழுதிய அன்றைக்கு அந்த நிகழ்வு வரவே வராது, எலிமென்ட்டும் போகாது. அங்கே நன் வேண்டாம். கால அளவை 0 செகண்ட் ஆக்குங்கள், நிகழ்வு வந்துவிடும். அது மேல்நோக்கிப் பரவும் நிகழ்வு என்பதால், உள்ளே இருக்கும் குழந்தை எலிமென்ட்டின் அனிமேஷன் முடிந்தாலும், நிகழ்வுக்கு நீங்கள் எழுதிய ஹேண்ட்லர் ஓடும். 'டார்கெட்' உங்கள் பெட்டிதானா, 'அனிமேஷன்நேம்' சரிதானா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.

பாதி வழியில் நிறுத்தி அங்கேயே வைக்கவேண்டும் என்றால், ஜாவாஸ்கிரிப்டின் 'எலிமென்ட்.அனிமேட்' கொண்டு ஓட்டுங்கள். முதலில், அந்தக் கணத்தின் மதிப்பை இன்லைன் ஸ்டைலாக எழுதும் 'கமிட்ஸ்டைல்ஸ்', பிறகு அனிமேஷனை விலக்கும் 'கேன்சல்'. வரிசை மாறினால் பழைய இடத்தின் மதிப்புதான் மிஞ்சும்.