சிவப்பு மருந்தை மாற்றியது ஏன்?

அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றிய சிவப்பு மருந்தை நிறுத்தி பக்லிடாக்செல் என்ற மருந்துக்கு மாற்றியது ஏன், கால்விரல் ஏன் விறைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முதல் மருந்து தோற்றதால் மாற்றினார்கள் என்று பயப்படாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு 4 தடவை சிவப்பு மருந்து, அப்புறம் பக்லிடாக்செல் என்பது வழமையான ஒழுங்குதான். சிவப்பு மருந்தான டொக்ஸோரூபிசின் டி.என்.ஏ. இழைக்குள் செருகி அது பிரதியாவதைக் கெடுக்கும், பக்லிடாக்செல் கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுக்கும் நுண்குழாய்களை இறுக்கிவிடும், கலம் பாதியில் நின்று சாகும்.

அம்மாவின் கால்விரல் விறைப்பும் பெரும்பாலும் பக்லிடாக்செலால்தான். நரம்புக்கும் அதே குழாய்கள் வேண்டும்.

பார்க்காமல் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, முற்றத்தில் நடக்கும்போது செருப்பு கழன்றால் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம். வெறுங்காலோடு சுடுமணலில் விடவேண்டாம்.

சீனி வருத்தம் இருந்தாலும் இப்படி விறைக்கும். இன்னொன்று, இந்த மருந்துகள் ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், தெல்லிப்பழை புற்றுநோய் கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.